புரோப்பேன் விடுமுறை

காம்பிங் வண்டியின் புரோப்பேன் ஹீட்டர் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது. வெளியே காடு முழுக்கப் பனி.

“இஞ்சாருங்கோ, காஸ் முடிஞ்சுது. கரண்டும் இல்லை. வீட்டை போவம்,” என்றாள் பிறேமா.

“ஏலாது. இயற்கையோட இருக்கத்தானே வந்தனாங்கள்?” அல்பேர்ட்டின் பற்கள் தந்தியடித்தன.

கைபேசி அலறியது. கனடாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கும் அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி லூக்காஸ்.

“அண்ணை, உங்கட வீட்டு ஹீட்டிங்கை எப்பிடிக் குறைக்கிறது? சரியான வெக்கையாக் கிடக்கு!”

பிறேமா கணவனை முறைத்தாள்.

லூக்காஸ் வரப்போவதாகச் சொன்னபோது, அவனைத் தட்டிக்கழிக்க, “நாங்கள் காம்பிங் போறம்” என்று புளுகியவன் அல்பேர்ட்தான்.

“அப்ப வீடு சும்மாதானே கிடக்கும், திறப்பைத் தாங்கோ” என்று லூக்காஸ் வீட்டுச் சாவியைக் கேட்ட பிறகுதான் அவசரமாக இந்த வண்டியை வாடகைக்குப் பிடித்தான்.