மருந்து விட ஒரு ஆள்

தூத்துக்குடியில் இப்போது தெருமுனைச் சாவடியிலேயே லேசர் வைத்துப் பார்வையைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் முன்னும் பின்னும் சொட்டு மருந்து விட அதே தெருவில் ஒருவர் சம்மதிக்காவிட்டால் இயந்திரம் வேலை செய்யாது.

பேருந்து ஓட்டுநர் ஜெரால்டினுக்குப் பார்வை தெளியாவிட்டால் வேலை போய்விடும். கணவர் கப்பலில் இருந்தார். அந்தத் தெருவில் பகலில் வீட்டிலிருப்பவள் பக்கத்து வீட்டு மாரிக்கனி மட்டும்தான். சாக்கடைத் தகராறுக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஜெரால்டின் தயங்கித் தயங்கி அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள். "அக்கா, கண்ணுக்கு மருந்து விட ஆள் இல்ல."

மாரிக்கனி அவளை உற்றுப் பார்த்தாள். "கண்ணு விஷயத்துல வீம்பு பாக்க முடியுமாட்டி? உள்ள வா."

சிகிச்சை முடிந்ததும் ஜெரால்டினைத் தன் வீட்டிலேயே படுக்க வைத்தாள். வேளை தவறாமல் மருந்து விட்டாள். கண்ணருகே கை போனபோதெல்லாம், "கசக்காதட்டி!" என்று அதட்டினாள்.

கடைசி நாளில் சாவடி இயந்திரம் ஜெரால்டினின் கண்களைச் சோதித்தது. "பார்வை தெளிவு. இனித் துணை தேவையில்லை" என்றது.

மாரிக்கனிக்குச் சுருக்கென்றது. "அது கெடக்கு," என்றாள். "நாளைக்குச் சாளை மீன் குழம்பு வைக்கேன். சாப்பிட வந்துரு."

"வராம இருப்பனாக்கா?" என்றாள் ஜெரால்டின்.