வெந்நீர் ஒத்தடம்

ஒட்டக் கத்தரித்த முடியோடு தங்கை வாசலில் வந்து நின்றதும் அக்காவுக்குச் சுருக்கென்றது. இடுப்பைத் தொட்ட கூந்தல். தோளில் வேறு, நாலு நாள் துணி கொள்கிற மாதிரி பளபளவென்று ஒரு புதுப் பை.

"பார்லருக்குப் போகத்தான் குழந்தையை என்கிட்ட விட்டுட்டுப் போனியா?"

தங்கை பால் பாட்டிலை எடுத்து அக்கா கையில் கொடுத்தாள். ஆறு மாதக் குழந்தை சிட்டு, தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் தொட்டவள் இல்லை.

"திங்கட்கிழமைக்குள்ள பழகியாகணும்க்கா. என் வாசனை பட்டா குடிக்க மாட்டா. நீ கொடு."

சொல்லிவிட்டு அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுபடி ஆபீசில் சேர்ந்து மினுக்கிக்கொண்டு திரிய இத்தனை அவசரமா என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பெற்று வளர்த்தவள் அவள். அவள் குடியிருந்த கட்டடத்தில் எந்தக் குழந்தை அழுதாலும் அவளைத் தேடித்தான் முதலில் ஆள் வரும்.

இரண்டு மாதம் முன்பு, இடது பக்கம் கெட்டியாக இருக்கிறது, சிட்டு அந்தப் பக்கம் வாயே வைப்பதில்லை என்று இதே தங்கை வந்து நின்றாள். பால் கட்டியிருக்கும், இதற்கெல்லாமா டாக்டர் என்று கேலி பேசி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தவள் அக்காதான். நாள் தவறாமல் கொடுத்தாள். அப்படிப் பாடுபட்டுக் காப்பாற்றிய பாலையா இவள் நிறுத்துவது?

சிட்டு பாட்டிலைத் துப்பினாள். முகம் சிவக்க வீறிட்டாள். மூடிய கதவு அசையவில்லை.

"பெத்த புள்ள இப்படிக் கத்துது, நெஞ்சுல என்ன கல்லாடி வெச்சிருக்கே?" என்றாள் அக்கா, கதவைப் பார்த்து.

தங்கையின் பின்னாலேயே வந்திருந்த அவள் கணவன் சமையலறையில் முதுகைக் காட்டியபடி பாட்டில் கழுவிக்கொண்டிருந்தான். நீங்களாவது சொல்லக் கூடாதா தம்பி என்று அவனிடமும் பாய்ந்தாள். கழுவி முடித்த பாட்டிலையே அவன் மறுபடி எடுத்துக் கழுவினான்.

கடைசியில் பசிதான் வென்றது. சிட்டு விசும்பிக்கொண்டே குடித்தாள். சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, அக்கா மடியிலேயே தூங்கிப்போனாள்.

கதவு திறந்தது. தங்கையின் சட்டை வலது பக்கம் பாலில் நனைந்து ஒட்டியிருந்தது. காலி பாட்டிலைப் பார்த்தவள், சுவரோடு சரிந்து உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.

"இப்ப எதுக்குடி அழுகை? நீ நினைச்சதுதானே நடந்துச்சு. இனி நிம்மதியா வேலைக்குப் போ."

தங்கை மெல்ல நகர்ந்து வந்தாள். அக்காவின் கையைப் பிடித்து, அந்தக் கை ஒத்தடம் கொடுத்த அதே இடத்தில் வைத்துக்கொண்டாள்.

"இது பால் கட்டினது இல்லையாம்க்கா. திங்கட்கிழமை முதல் கீமோ."