கடிக்காத கடல்

கடலில் கால் வைத்தாலே பொடிப் பூச்சிகள் கடிக்கின்றன என்று ஊரே கத்தியது. கடற்கரையை மூடினால் சீசன் போச்சு. புதிதாக மாற்றலாகி வந்திருந்த சுற்றுலாத் துறை அதிகாரி, நிருபர்களைக் கூட்டிக்கொண்டு நேராகக் கரைக்கே வந்துவிட்டார்.

ஒரு காலைப் பாறைமேல் ஊன்றி, பேண்ட்டைக்கூட மடக்காமல் மறுகாலை முழங்கால் வரை தண்ணீரில் விட்டார்.

“சார், கடிக்கலையா?”

“கடிச்சா இப்படிச் சிரிச்சிட்டு நிப்பேனா? எல்லாம் வெறும் புரளி!”

பக்கத்தில் இறங்கிய கேமராக்காரர் “ஐயோ!” என்று துள்ளிக் கரையேறினார். கணுக்காலெங்கும் ரத்தப் புள்ளிகள்.

“உங்க உடம்புக்கு உப்புத்தண்ணி ஒத்துக்கல தம்பி. நான் அசைஞ்சேனா பாருங்க.”

கால் மணி நேரம் மனிதர் அசையவே இல்லை. கைதட்டல் பறந்தது. கடற்கரை திறந்தே இருக்கும் என்று அங்கேயே அறிவித்தார்.

காரில் ஏறியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, நனைந்த செயற்கைக் காலைக் கழற்றி, உள்ளே குழந்தையோடு காத்திருந்த மனைவியிடம் துடைக்கக் கொடுத்தார்.

“பாப்பாவ மட்டும் தண்ணில இறக்கிடாத. பிடுங்கி எடுக்குதாம்.”