நாற்பது மாடி மாப்பிள்ளை

நாற்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் நின்று கையசைத்தவன் என் தங்கையின் கணவன். அவளை விட்டு ஓடிவிட்டு, பிரம்மச்சாரி என்று ஊரை நம்பவைத்தவன். அவன் குதித்து இறங்கியதும் மோதிரம் மாற்றிக்கொள்ள, கீழே பூங்கொத்துடன் புதுப்பெண் காத்திருந்தாள்.

அவன் பாராசூட்டை மடிப்பது நான். நாற்காலியில் ஏறினாலே தலைசுற்றும் எனக்கு வாய்த்த வேலை அப்படி.

"மனசுல எதையும் வெச்சுக்காம மடிச்சுக் குடு மச்சான்" என்று காலையில் பல்லிளித்தான்.

இப்போது கீழே கூட்டத்தில் என் பக்கத்தில் நின்ற தங்கை என் சட்டையைப் பிடித்தாள். "அண்ணே, உன் முழியே சரியில்லையே. என்ன பண்ணி வெச்சிருக்க?"

"மூணு நாள் வேலை. பேசாம மேல பாரு."

"ஐயோ, ஆயிரம் இருந்தாலும் உசுருண்ணே! தடுத்து நிறுத்து!"

அவன் குதித்துவிட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு அலறினாள்.

"கண்ணைத் தொற கழுதை."

பாராசூட் அழகாக விரிந்திருந்தது. அதில் நான் தைத்திருந்த ஆளுயர எழுத்துகளைக் கூட்டமே உரக்கப் படித்தது: 'எனக்குக் கல்யாணமாகிவிட்டது. பெண்டாட்டி கீழே நிற்கிறாள்.'

பூங்கொத்து குப்பைத்தொட்டிக்குள் போனது.

"கயித்த அறுத்து வெச்சிட்டியோன்னு பயந்துட்டேண்ணே!"

"போடி. விரியலைன்னா யாரு படிக்கிறது?"