வயிற்றிலிருந்து மேலே குடிபோன கொழுப்பு

பொன்னம்பலம் தினமும் கண்ணாடி முன் நின்று தன் வயிற்றுக் கொழுப்பைக் கிள்ளி, "என்னைக்குத்தான் தொலையப் போறே?" என்பார். அது வெட்கத்தில் சுருங்கிக்கொள்ளும்.

ஒருநாள் மூக்கு வழியே அவர் மூளைக்கு அடியிலிருந்த கட்டியை எடுத்தார்கள். எடுத்த இடத்தில் விழுந்த ஓட்டை வழியே மூளைநீர் சொட்டியது. அடைக்காவிட்டால் அதே வழியில் கிருமி ஏறி ஆளையே முடித்துவிடும்.

பெட்டியிலிருந்து ஒரு செயற்கைச் சவ்வு வந்து ஓட்டைமேல் படுத்தது. "நான் ஒருத்தனே போதும்" என்றது. டாக்டர் நுரையீரலில் காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தில் மூளைநீர் கசிகிறதா என்று சோதித்தார். நீர்த்துளி ஒன்று ஓரமாக எட்டிப் பார்த்து, "போயிட்டு வரட்டுமாண்ணே?" என்றது.

உடனே வயிற்றைக் கீறிக் கொழுப்பை எடுத்து அங்கே வைத்தார்கள்.

"இந்தா தொந்தி, மூளைப்பக்கம் உனக்கென்னடா ஜோலி?" என்றது சவ்வு.

"தெரியலைங்க, கொண்டாந்து விட்டுட்டாங்க" என்று கொழுப்பு நடுங்கியது.

அடுத்து மூக்கின் உள்தோலில் ஒரு துண்டை உரித்துத் திருப்பினார்கள்; அது தன் ரத்தக்குழாயை விடாமல் வந்து இரண்டையும் மூடியது. "எனக்கு ரத்தம் ஓடுது. சண்டை போடாம என் கீழே ஒண்டுங்கடா."

ஐந்தாம் நாள் பொன்னம்பலம் போட்டார் ஒரு தும்மல். ஜன்னலில் இருந்த பதினேழு காக்கைகள் அடுத்த ஊரில் போய் விழுந்தன. மூக்கில் ஒரு சொட்டு இல்லை.

"இன்னும் எத்தனை நாளைக்குப் பிடிக்கணும்?" என்றது கொழுப்பு.

"மனுசன் இருக்கிறவரைக்கும்" என்றது உள்தோல்.

"அட! அப்போ கொஞ்சம் நகருங்க, சம்மணம் போட்டுக்கறேன்."