அடக்கப் பதிவேடு

பேனாவின் மூடி கழலவில்லை. இரண்டாம் முறை உபதேசியார் பல்லால் கடித்து இழுத்தார்.

மேசைக்கு எதிரே மகள் நின்றாள். முந்தானை முழுக்க மணல்.

"உயிரோட வரணும்னு எழுதுங்கப்பா."

மாதா கோயில் பூசையில் வேண்டிக்கொள்ளும் கருத்துகளை எழுதும் நோட்டு அது. முப்பது வருடமாகச் சாமியாருக்குத் துணையான உபதேசியார் அவர்தான். இந்த ஊரில் யாருக்கு எதை வேண்டினாலும் அவர் கையால்தான் எழுதப்படும்.

மருமகன் ஆன்றோஸ் வள்ளத்தில் கடலுக்குப் போய் இன்று மூன்றாம் நாள். புயல் அன்றைக்கே அடித்து ஓய்ந்துவிட்டது.

போகச் சொன்னவர் அவர்.

காலையிலேயே ரேடியோ எச்சரித்தது. ரேடியோக்காரனுக்கு எங்க மாமனாரத் தெரியாது என்று சொல்லிக் கரையில் நின்றவர்களைச் சிரிக்க வைத்தான் ஆன்றோஸ். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான்.

இன்றைக்கு அட்டமி, அரைநிலாதானே, போய்ட்டு வா என்றார்.

ஊர் அவர் பேச்சை நம்பும். கோயிலின் பழைய அடக்கப் பதிவேட்டை எடுத்து, கடலில் செத்தவர்களின் தேதிகளைப் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்த்தவர். பதினேழு புயல். ஒவ்வொன்றும் அமாவாசையை ஒட்டி வந்தது, இல்லையென்றால் பௌர்ணமியை ஒட்டி. அரைநிலாவில் ஒன்றுகூட இல்லை.

வருடம் பிறந்ததும் வீட்டுக்கு வீடு காலண்டரில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுப்பார். வட்டமிட்ட நாளில் ஒரு வள்ளமும் இறங்காது.

மகள் காத்திருந்தாள்.

அவர் காலத்தில் கடல் யாரையும் கொண்டுபோனதில்லை; இப்படி ஒரு கருத்தை எந்தச் சொல்லால் எழுதுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அலமாரியிலிருந்து பழைய பூசை நோட்டை எடுத்தார். முன்னால் இருந்தவர்கள் எப்படி எழுதினார்கள் என்று தேடினார்.

'சிலுவைமுத்து வள்ளத்தோடு சுகமாகத் திரும்பிவர.'

தெரிந்த பெயர். அவருடைய பதினேழு புயலில் ஒன்றில் செத்தவன். அவன் தேதி மனப்பாடம். பௌர்ணமி.

இந்த நோட்டில், வள்ளம் திரும்பாத அன்றே எழுதிய வரிக்கு, அதற்கு ஏழு நாள் முந்திய தேதி.

பக்கத்தைத் திருப்பினார். 'லாசர், சுகமாகத் திரும்பிவர.' இதுவும் ஏழு நாள் முந்தி.

இன்னொருவன். ஆறு நாள்.

விரல் நின்றது.

பதிவேட்டில் இருந்தது அடக்கம் செய்த தேதி. உடல் கிடைத்தால்தான் அடக்கம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறும். ஏறும்போதுதான் கொண்டுபோனதைக் கரையில் போடும்.

அந்தப் புயலெல்லாம் அரைநிலாவில் வந்திருந்தது.

பேனாவை எடுத்தார். பழைய நோட்டைப் பார்த்து அதே சொற்களை எழுதினார். ஆன்றோஸ் வள்ளத்தோடு சுகமாகத் திரும்பிவர.

மகள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்பப்பா வருவாவ?"

சுவரில் காலண்டர் தொங்கியது. அவர் அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கப் பார்த்தார்.

சிவப்பு வட்டத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.