புருவத்துக்கு மேல் ஓர் அம்பு

விழித்திரைக்காக ஊசி போட்ட கண்ணைத் தொடவே கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியும், தையல்காரர் அன்றைக்கே சாக்பீஸ் பிடித்த விரலால் கசக்கிவிட்டார். ஆயுள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்தியவருக்கு அந்த ஓர் ஊசியிடம் மட்டும் மரியாதை இல்லை. அபூர்வமாக வருகிற கிருமி வந்தது. இடது கண் போனது. கசக்கியதாலா, ஊசியாலா என்று கேட்டால் டாக்டர், "பாக்கலாம்" என்றார். பார்ப்பதுதானே இனி நடக்காத காரியம்!

எந்தக் கண் என்று தெரிவதற்காக, ஊசிக்கு முன் இடது புருவத்துக்கு மேல் நர்ஸ் மையால் ஓர் அம்பு வரைந்திருந்தார். அதை மனைவி அப்போதே சோப்புப் போட்டு எடுத்துவிட்டாள்.

இப்போது கடைக்கு வருகிறவர்கள் அவர் நெற்றியைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். மிச்சமிருக்கும் மங்கல் கண்ணால் கண்ணாடியைப் பார்த்தால், வலது புருவத்துக்கு மேல் ஏதோ நிழல். மனைவி தினமும் அங்கே சோப்புப் போட்டுத் தேய்க்கிறாள்.

"என்னடி தேய்க்கிற?"

"வேர்வைங்க."

"துணியில குறி போட்டா அடுத்தது கத்திரிதான். எனக்கே கதை சொல்றியா? மறைக்காம சொல்லு."

அவள் சோப்பைக் கீழே வைத்தாள்.

"அதே அம்புதாங்க. யாரும் போடல. இப்ப வலது கண்ணைக் காட்டுது. தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்குது."